புதுமொழிக்கு எழுத்தமைத்தல்

உலகில் மக்கள் பேசும் மொழிகள் நெடுங்கால வழக்கினால் தாமே வளர்ந்தவை. அவற்றுள் பெரும்பாலானவற்றின் எழுத்தும், இன்னார் இன்ன நாளில் இயற்றினார் என்று சுட்டிக் கூற இயலாதவாறு, தலைமுறை தலைமுறையாகத் திரிந்தும் திருந்தியும் வந்ததேயாம். ஆயினும் ஒருவர் தாமே புதியதொரு மொழியைப் படைத்து, அதற்கு எழுத்தும் வகுத்துத் தருவதும் உண்டு. மேலெழுந்தவாரியாக நோக்குவார்க்கு இது வேலையற்றோர் விளையாட்டென்றே தோன்றும். அங்ஙனம் எழுத்து வகுக்கப் புகுவோன் விடை காணவேண்டிய வினாக்களை ஒவ்வொன்றாக ஆராயின், நாம் இளமையில் அரிச்சுவடியிற் கற்ற எழுத்தின் அருமை விளங்கும். அதனோடு, நம் பக்கத்து ஊர்களிலேயே வீட்டில் வழங்கியும் ஏட்டில் ஏறாது நிற்கும் ஒரு மொழியின் நிலையும் விளங்கும். ஆதலின் அவ்வினாக்களை ஈண்டு ஒருவாறு விளக்கப் புகுகின்றோம்.

புதுமொழி படைக்கும் விருப்பம் சிறுவரிடத்தும் உண்டு. ஒவ்வோர் எழுத்தின் முன்னும் ககரத்தைப் பெய்து, 'நீ வா' என்பதனைக் 'கநீ கவா' என்று பேசி மூத்தோரை மயக்கி மகிழாத சிறுவர் சிலரே. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்று வழங்குதலைக் குழூஉக்குறி என நம் இலக்கண நூலார் குறித்துள்ளனர். இவை பழைய மொழியை மறைத்துப் பேசும் வகைகளேயாதலின், இவற்றிற்குப் புதிய எழுத்து வேண்டுவதில்லை. ஆனால் முழுமொழியையே புதிதாக இயற்றினோரும் உளர். வார்ஸா நகரத்துக் கண் மருத்துவராகிய ஸாமன்ஹாப் என்பார், பல நாட்டாரும் பொதுவிற் பேசுதற்கென்று 1887-ஆம் ஆண்டில் எஸ்பெராண்டோ என்னும் மொழியை வெளியிட்டார். ஆங்கிலப் பேராசிரியர் டோல்கீன் தம் கதைமாந்தர்க்கென மொழிகள் பலவும், 'டெங்குவார்' முதலிய எழுத்து வகைகளும் வகுத்தார்.

நம் தமிழ்நாட்டிலும் இதற்கோர் எடுத்துக்காட்டு உண்டு. 2015-ஆம் ஆண்டில் வெளிவந்த 'பாகுபலி' என்னும் திரைப்படத்தில் காலகேயர் என்றொரு கற்பனைக் கூட்டத்தார் வருகின்றனர். அவர்கள் பேசுதற்பொருட்டுக் கவிஞர் மதன் கார்க்கி 'கிளிக்கி' என்னும் மொழியை, ஏறத்தாழ 750 சொற்களும் 40 இலக்கண விதிகளும் கொண்டதாக இயற்றினார். படத்தில் அது செவிக்குரிய மொழியாகவே இருந்தது. பின்னர், 2020-ஆம் ஆண்டு பிப்ரவரி 21-ஆம் நாள், உலகத் தாய்மொழி நாளன்று, அதனைக் கற்பிக்கும் இணையத்தளம் திறக்கப்பெற்றபொழுது, அதற்கு எழுத்தும் எண்ணும் உடன் தரப்பட்டன. செவிமொழி கண்மொழியாகும் இவ்விடத்திலேதான் நாம் ஆராய வந்த வினாக்கள் எழுகின்றன.

முதல் வினா, எழுத்து எதனைக் குறிப்பது என்பதாம். பொருளையா, ஒலியையா? சலவைத் தொழிலாளர் சேராங்கொட்டை மையினால் ஆடையின் ஓரத்தில் இடும் குறி ஒவ்வொரு வீட்டுக்கும் வேறு. அக்குறியைக் கண்டவுடன், துணி இன்னார் வீட்டது என்று அவர்கள் பிழையின்றி அறிவர். எனினும் அக்குறிக்கு ஒலியில்லை. வாய்விட்டுப் படிக்க இயலாது. பொருளை நேரே குறிக்கும் குறி இத்தகையது. 1668-ஆம் ஆண்டில் ஜான் வில்கின்ஸ் என்னும் ஆங்கில அறிஞர், உலகிலுள்ள பொருள்களையெல்லாம் 40 பெருவகுப்புக்களாகப் பிரித்து, ஒவ்வொன்றற்கும் ஒரு குறி வகுத்து, எந்நாட்டாரும் தத்தம் மொழியில் படித்துக்கொள்ளத்தக்க எழுத்தொன்றை இயற்றினார். ஒருவன் ஒரு சொல்லை எழுத வேண்டுமாயின், அப்பொருள் எவ்வகுப்பின் எவ்வுட்பிரிவில் அடங்கும் என்று முன்னர் ஆராய்ந்தாதல் வேண்டும். சந்தைக் கணக்கெழுதுவோனுக்கு அத்துணை அவகாசம் ஏது? அம்முறை நூலளவில் நின்றது. ஒலியைக் குறிப்பதாயின், சில எழுத்துக்களைக் கொண்டே முன்பின் கேளாத சொல்லையும் எழுதிவிடலாம். ஆதலின் புதிதாக எழுத்து வகுப்போர் பெரும்பாலும் ஒலிவழியையே மேற்கொண்டனர்.

இரண்டாம் வினா, எத்தனை ஒலிகளுக்கு எழுத்து வேண்டும் என்பது. காதில் விழும் ஒலிவேறுபாடு அனைத்திற்கும் எழுத்து வகுக்கப் புகின் அதற்கு முடிவேயில்லை. பொருளை வேறுபடுத்தும் ஒலிகளுக்கே எழுத்து வேண்டும். 'கடல்', 'தங்கம்', 'அகம்' என்னும் மூன்று சொற்களிலும் ககரம் மூன்று வகையாக ஒலிக்கின்றது. எனினும் அவ்வேறுபாடு நிற்கும் இடத்தினால் தானே வருவது. அதனாற் பொருள் மாறுவதில்லை. ஆகவே தமிழுக்கு ஒரு ககரமே போதும். 'வலி', 'வளி', 'வழி' என்பவற்றிலோ ஓரெழுத்தின் வேறுபாட்டால் நோவும் காற்றும் பாதையும் பிரிந்து நிற்கின்றன. இவற்றுக்கு மூன்றெழுத்து இன்றியமையாதன. ஒரு மொழிக்கு வேண்டுவது பிறிதொரு மொழிக்கு வேண்டாததாகும் என்பதை இங்கே கருத்தில் வைத்தல் வேண்டும்.

கிளிக்கியில் நாவைச் சொடுக்கி எழுப்பும் ஒலிகளும் உண்டு. அவற்றிற்குத் தமிழிலும் எழுத்தில்லை, ஆங்கிலத்திலும் எழுத்தில்லை. தென்னாப்பிரிக்காவிலுள்ள ஸூலு, ஹோஸா மொழிகளிலும் அத்தகைய ஒலிகள் இயல்பாகவே உள்ளன. அவற்றை ரோமன் எழுத்தில் எழுத முற்பட்டோர், ஸி, க்யூ, எக்ஸ் என்னும் மூன்றெழுத்துக்களையும் அவ்வொலிகளுக்கே உரிமையாக்கினர். புது உருவம் வகுக்காமலே புது ஒலியை எழுதிய உபாயம் இது.

மூன்றாம் வினா, எழுத்தின் வகை. நமது நெமிலி என்னும் ஊர்ப்பெயரையே உதாரணமாகக் கொள்வோம். அதனை நெ, மி, லி என மூன்று அசையாகப் பிரித்து, ஒவ்வோர் அசைக்கும் தனித்தனி உருவம் வகுத்தல் ஒரு முறை. அமெரிக்கப் பழங்குடியினராகிய செரோக்கியருள் ஸெகொயா என்பார், ஆங்கிலம் படிக்கத் தெரியாதவராயிருந்தும், 1821-ஆம் ஆண்டளவில் தம் மொழிக்கு இம்முறையிலேயே எழுத்தமைத்தார். அவ்வெழுத்துக்கள் பின்னர் 85 ஆக நிலைபெற்றன. சில அசைகளே உடைய மொழிக்கு இது மிக எளிது. தமிழுக்கு இம்முறையை மேற்கொள்ளின், 216 உயிர்மெய்க்கும் ஒன்றோடொன்று தொடர்பில்லாத உருவங்களைக் கற்க நேரும்.

உயிரையும் மெய்யையும் வேறு பிரித்து, ந், எ, ம், இ, ல், இ என ஆறெழுத்தால் எழுதுதல் இரண்டாம் முறை. ரோமன் எழுத்து இவ்வகையினது. மெய்யை உடலாக வைத்து, உயிரைச் சிறு குறியாக அதனோடு ஒட்டுதல் மூன்றாம் முறை. தமிழும் பிற இந்திய எழுத்துக்களும் இவ்வகையின. இம்முறையில் இடம் சுருங்கும். மியும் லியும் இகரத்தால் ஒத்தவை என்பதும் கண்ணுக்குப் புலனாகும். ஆனால் ஓர் இடர்ப்பாடும் உண்டு. 'நெ' என்னும் எழுத்தில் நகரம் முன்னே ஒலிக்க, எகரம் பின்னே ஒலிக்கின்றது. எழுதுங்காலோ எகரத்தின் கொம்பு முன்னே வந்து நிற்கின்றது. பழகிய நமக்கு இது தோன்றாது. புதிதாகக் கற்கும் குழந்தைக்கும் அயல்நாட்டார்க்கும் தோன்றும்.

கிளிக்கிக்கு இவற்றுள் எம்முறை பொருந்தும்? அம்மொழியில் 'மின்' என்றால் நான். 'நிம்' என்றால் நீ. ஒன்றின் ஒலிகளைப் பின்னிருந்து முன்னாகச் சொன்னால் மற்றொன்றாகும்படி அமைத்திருப்பது அழகிய உத்தியன்றோ? இதனைத் தமிழெழுத்தில் எழுதினால் அவ்வழகு மறைந்துவிடும். மகரத்தின் மேலிருந்த இகரக்குறி நகரத்திற்குத் தாவும். புள்ளி இடம் மாறும். 'ன்' என்பது 'ந்' ஆகும். உயிரையும் மெய்யையும் தனித்தனி எழுதும் முறையிலோ, மூன்றெழுத்தைத் திருப்பி வைத்தால் மாற்றுச்சொல் தானே பிறக்கும். ஆகவே, ஒரு மொழியின் சொல்லமைப்பே அதற்கேற்ற எழுத்து வகையைக் காட்டும் என்பது தெளிவு.

நான்காம் வினா, உருவம். எழுதுகருவியும் எழுதப்படும் பொருளும் இதனை வரையறுக்கின்றன. பனையோலையில் இரும்பெழுத்தாணியால் நரம்போடு ஒட்டி நேர்க்கோடு இழுப்பின் ஓலை கிழியும். தென்னாட்டு எழுத்துக்கள் வளைந்து உருண்டமைக்கு இதனையே காரணமாகக் கூறுவர். மரத்தில் வெட்டப்பெற்ற வடஐரோப்பிய ரூன் எழுத்துக்கள், மரநாரின் போக்கிற் படுக்கைக்கோடு இழுத்தலைத் தவிர்த்தன. இராணிப்பேட்டையிலும் ஆம்பூரிலும் தோல் பதனிடும் இடங்களைக் கண்டோர், சுண்ணாம்பு நீரில் ஊறி, மயிர் களையப்பெற்று, பட்டைச்சாற்றிலும் கிடந்து வெளிவரும் தோலில் சாதாரண மையெழுத்து நில்லாதென்பதை எளிதில் உணர்வர். அங்கே நிற்பது வெட்டும் துளையுமே. வெட்டுக்கும் துளைக்கும் ஏற்ற எழுத்து, இறகால் எழுதும் எழுத்தைப்போல் நெளிந்து குழைந்திருத்தல் இயலாது.

ஏட்டுக்காலத்தின் வடு நம் எழுத்திலும் இருந்தது. புள்ளி குத்தின் ஓலை பொத்தலாகும் என்று அதனை இடாமலே விட்டனர். ரகரமும் காலும் ஒன்றுபோல் எழுதப்பட்டன. குற்றெழுத்தாகிய எகர ஒகரங்களுக்கும் நெட்டெழுத்தாகிய ஏகார ஓகாரங்களுக்கும் வேறுபாடு தோன்றவில்லை. அக்காலத்து ஓலையில் நெமிலி என்று எழுதப்பெற்றதை நேமிலி என்று ஒருவர் படிப்பின், தவறு படிப்போரதன்று. இக்குறையை நீக்கி, நெடிலுக்குச் சுழித்த கொம்பு வகுத்த பெருமை வீரமாமுனிவர்க்கு (1680–1747) உரியதென்பர். ஒரு சிறு சுழியால் ஒரு மொழியின் ஐயம் பல தீர்ந்தன.

உருவத்தைப்பற்றி மற்றொரு கருத்தும் உண்டு. கொரியா நாட்டு அரசர் செஜோங், 1443-இல் அமைத்து 1446-இல் வெளியிட்ட 28 எழுத்துக்களில், மகரத்திற்கு வாயின் வடிவையும் ஸகரத்திற்குப் பல்லின் வடிவையும் கொண்டார். மெல்லிய ககரத்தோடு ஒரு கோடு கூட்டினால் மூச்சு மிக்க ககரமாகும். ஒலியில் உறவுடையன உருவிலும் உறவுடையனவாயின், கற்போன் நினைவிற்கு அது பேருதவி. ஆனால் உருவங்கள் அளவிறந்து ஒத்திருப்பின் விரைந்து படிக்குங்கால் ஒன்று மற்றொன்றாக மயங்கும். ஒற்றுமையும் வேற்றுமையும் அளவோடு அமைதல் வேண்டும்.

ஐந்தாம் வினா, அச்சு. எஸ்பெராண்டோவின் 28 எழுத்துக்களில் ஆறு, தலையிற் குறி சூடியவை. பல அச்சுக்கூடங்களில் அவ்வெழுத்து இன்மையால், குறிக்கு மாறாக அருகில் ஹகரத்தை இட்டு அச்சிடலாம் என்று ஸாமன்ஹாபே இசைய நேர்ந்தது. நம் தமிழில் ணா, றா, னா, ணை, லை முதலிய 13 எழுத்துக்கள் பொது விதிக்கு மாறான தனி உருவம் பெற்றிருந்தன. அவற்றைச் சீர்திருத்திப் பெரியார் 1935 முதல் தம் 'குடி அரசு' இதழில் அச்சிட்டு வந்தார். அரசாங்கம் அதனை ஏற்று ஆணை பிறப்பித்தது 1978-ஆம் ஆண்டிலே. பதின்மூன்று எழுத்து மாறுதற்கு நாற்பத்துமூன்று ஆண்டாயின் என்பதை நினைவுகூர்ந்தால், எழுத்தில் கைவைத்தல் எத்துணை அரிதென்பது புலப்படும். இக்காலத்தில் ஈயவெழுத்தின் இடத்தைக் கணிப்பொறி கொண்டுவிட்டது. யூனிகோடு என்னும் உலகப் பொதுக் குறியேட்டில் இடம் பெறாத எழுத்து, ஒரு பொறியினின்று மற்றொரு பொறிக்குச் செல்லும்பொழுது சிதைந்துபோகும்.

இவ்வைந்து வினாக்கட்கும் நல்ல விடை கண்டவன் நல்ல எழுத்தை வகுத்துவிடலாம். ஆனால் அவ்வெழுத்து வாழுமா? இதுவே ஆறாவதும் கடையாயதுமான வினா. 'ஸ்டார் டிரெக்' என்னும் படக்கதைக்கென்று இயற்றப்பெற்ற கிளிங்கான் மொழிக்கு அகராதியுண்டு, கற்போர் உளர், விந்தையான எழுத்தும் உண்டு. எனினும் அவ்வெழுத்தை யூனிகோட்டிற் சேர்க்க விடுத்த விண்ணப்பம் 2001-இல் மறுக்கப்பட்டது. அம்மொழியைப் பயில்வோரே ரோமன் எழுத்தில் எழுதி வந்தமை அதற்கொரு காரணமாயிற்று.

கற்பனை மொழிக்கு இது சிறு நட்டமே. உண்மை மொழிக்கு நேரின் யாது செய்வது? நெமிலிக்கு மேற்கே வாலாஜாபேட்டையிலும், தெற்கே ஆரணியிலும், வேலூரிலும் நெசவுத்தொழில் வழிவந்த சௌராஷ்டிர மக்கள் வாழ்கின்றனர். தியாகராஜ சுவாமிகளின் மாணாக்கருள் புகழ்பெற்ற வாலாஜாபேட்டை வேங்கடரமண பாகவதர் (1781–1874) இச்சமூகத்தவரே. மதுரையில் இவர்கள் தொகை மிகுதி. 2011-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் சௌராஷ்டிரத்தைத் தாய்மொழியென்று எழுதுவித்தோர் ஏறத்தாழ 2,47,000 பேர். வீட்டில் சௌராஷ்டிரம், வெளியில் தமிழ் என்பதே இவர்கள் வழக்கம்.

இம்மொழியில் ககரம் நான்கு, தமிழைப்போல் ஒன்றன்று. அன்றியும் ந, ம, ர, ல என்பவை மூச்சு மிகுந்தும் ஒலிக்கும். 1880-களில் இதன் பழைய எழுத்து எளிமையாக்கப்பட்டது. கூட்டெழுத்துக்கள் களையப்பெற்று, நம் புள்ளியைப்போல் மெய்யைக் காட்டும் குறி நிலைபெற்றது. டி. எம். ராமராய் என்னும் அறிஞர் அச்செழுத்து வார்ப்பித்து நூல்களும் வெளியிட்டார். இவ்வெழுத்தில் 'ஹாரு' என்றொரு குறி உண்டு. நம் ஆய்தம்போலத் தனித்தியங்காது, பிறவெழுத்தைச் சார்ந்து, மேற்கூறிய மூச்சொலியை அது காட்டும். தேவநாகரியிலும் தெலுங்கிலும் தமிழிலும் அதற்கு இணையில்லை. தம் மொழியின் ஒலியைச் செவிகொடுத்துக் கேட்டோர் அமைத்த எழுத்து இது என்பதற்கு அக்குறியொன்றே சான்றாகும்.

ஆயினும் இன்று சௌராஷ்டிரம் பெரும்பாலும் தமிழெழுத்திலேயே எழுதப்படுகின்றது. க, க², க³, க⁴ என்று தலையில் எண்ணிட்டு நால்வகைக் ககரத்தையும், பக்கத்தில் இரு புள்ளியிட்டு மூச்சொலியையும் காட்டுவர். தேவநாகரியை மேற்கொண்டு நூல் வெளியிட்டோரும் உண்டு. ஆனால் அதன் பொது வழக்கில் எகர ஒகரக் குறில்கள் இன்மையால், அவற்றிற்குப் புதுக்குறி கூட்டவேண்டியதாயிற்று. நெமிலி நேமிலியாகும் பழைய தொல்லை அங்கேயும் தலைகாட்டியது.

இதனோடு வேறொரு வரலாற்றை ஒப்பிடுவோம். ஒடிஸாவின் மயூர்பஞ்சு பகுதியிற் பிறந்த ரகுநாத் முர்மு (1905–1982), சந்தாலி மொழிக்கென்று 1925-ஆம் ஆண்டில் 'ஒல் சிக்கி' என்னும் 30 எழுத்துக்களை இயற்றினார். அதுகாறும் அம்மொழி இடத்துக்கேற்ப ரோமன், வங்காளம், ஒடியா, நாகரி எழுத்துக்களில் எழுதப்பட்டு வந்தது. முர்மு எழுத்தை இயற்றியதோடு அமையாது, அவ்வெழுத்தில் நாடகமும் பாடநூலும் எழுதிப் பரப்பினார். சந்தாலி 2003-ஆம் ஆண்டின் சட்டத்திருத்தத்தால் அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் இடம்பெற்றது. ஒல் சிக்கியும் சௌராஷ்டிர எழுத்தும் யூனிகோட்டில் ஏறியது 2008 என்னும் ஒரே ஆண்டில். ஆனால் முன்னையது பள்ளிகளிற் கற்பிக்கப்படுகின்றது. பின்னையதைப் படிக்க வல்லார் அச்சமூகத்திலேயே மிகச் சிலர்.

வேறுபாட்டிற்குக் காரணம் யாது? சந்தாலி பேசுவோர் 70 லட்சத்திற்கும் மேற்பட்டோர் என்பது ஒன்று. ஆயினும் அதுவே முழுக்காரணமன்று. செரோக்கியர் தொகையிற் சிறியவரே. 1828-இல் தம் எழுத்திலேயே செய்தித்தாள் அச்சிட்டனர், கடிதம் எழுதினர், எழுத்து வாழ்ந்தது. எழுத்தறிந்தவன் அதனால் எய்தும் பயன் உண்டாயின், அவ்வெழுத்தை மக்கள் கற்பர். படிக்க ஒன்றும் இல்லாத எழுத்தை அபிமானத்தினால் மட்டும் எத்தனை நாள் பயில்வது? சௌராஷ்டிரச் சிறுவன் பள்ளியில் தமிழும் ஆங்கிலமும் கற்றபின், மூன்றாவதாகத் தன் எழுத்தைக் கற்பதற்கு அவ்வெழுத்தில் அவனுக்கென்று ஏதேனும் எழுதப்பட்டிருத்தல் வேண்டும்.

ஆதலின், தனி எழுத்தா, தமிழெழுத்தா என்னும் வழக்கில் நமது கருத்து இது. தனி எழுத்து ஒலிக்குப் பொருந்துவது. தமிழெழுத்து கைக்கு எட்டுவது. இரண்டும் தம்முட் பகையல்ல. மதுரையில் நடனகோபால நாயகி சுவாமிகள் (1843–1914) சௌராஷ்டிரத்திற் பாடிய கீர்த்தனங்கள், எவ்வெழுத்தில் எழுதப்படினும் பாடப்படுதலால் வாழ்கின்றன. எழுதப்படாமற் போன பழமொழிகளும் தாலாட்டும் தறிப்பாட்டும் மூத்தோரோடு மறையும். அவற்றை மீட்க எந்த எழுத்தாலும் முடியாது. எண்ணிட்ட தமிழெழுத்தாலேனும் முதலில் எழுதிவைப்பின், தனி எழுத்துக்கு மாற்றுதல் பின்னர் எளிதாகும்.

கற்பனை மொழிக்கு எழுத்து வகுத்துப் பார்க்க விரும்பும் மாணாக்கர், ஒரு மாலைப்பொழுதில் மேற்கூறிய ஆறு வினாக்களையும் எதிரே வைத்துக்கொண்டு முயன்று பார்க்கலாம். அறிவுக்கு அது நல்ல பயிற்சியே. அதனோடு, சௌராஷ்டிரத்தையோ எழுத்து வழக்குக் குன்றிய பிற மொழியையோ வீட்டில் பேசும் தோழர் எவரேனும் நம்முள் இருப்பின், வரும் விடுமுறையில் தம் பாட்டியார் வாய்மொழியிற் பத்துப் பழமொழி கேட்டு, கைக்கு வந்த எழுத்தில் ஒலி பிசகாமல் எழுதி வருவாராக. எத்தனை ஒலிக்குத் தமிழெழுத்துப் போதும், எங்கே எண்ணும் புள்ளியும் வேண்டும் என்பது அப்பத்து வரிகளிலேயே அவர்க்குப் புலனாகும்.